வெயிலில் வைத்த ரத்தம்

சீனி போடாத கோப்பி எனக்குப் பழகிவிட்டது, டாக்டர். உங்களுக்கு வேண்டுமென்றால் சீனி டின் கீழ்த்தட்டில் இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்காக வைத்திருப்பது. நான் அதைத் தொடுவதில்லை. என் வீட்டுக்காரர் இருந்தபோது அவர் மட்டும் மூன்று கரண்டி போட்டுக் கலக்குவார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். "அண்ணனுக்குச் சர்க்கரை இருந்துச்சாக்கா?" என்று கேட்டீர்கள். இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததே இல்லை. எனக்குத்தான் பல வருஷமாக இருக்கிறது.

விடுமுறை நாளில் ஜோகூர் பாருவிலிருந்து குளுவாங் வரை தனியாகக் கார் ஓட்டிவந்து இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கிறீர்கள் என்றால், மீதி உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைப்பது? மகள் பிரேமலா பாசாருக்குப் போயிருக்கிறாள். பப்பாளி வாங்குவதென்றால் நாலு கடை ஏறி இறங்குவாள். அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முதலில் அவருடைய நரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லாரியை எத்தனையோ வருஷம் ஓட்டிய கை அது. பார்த்தால் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும்; ஊசியைக் கொண்டுபோனால் நழுவி ஓடிவிடும். ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் குத்தியதில் அந்த ஆறடி மனுஷன் மயங்கிக் கீழே சரிந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைத் தவிர யாரையும் கையைத் தொட விடமாட்டார். ரத்தம் எடுப்பது என் பிழைப்பு. இந்த ஊர்ப் பரிசோதனை நிலையத்தில் குழந்தையிலிருந்து கிழவர் வரை என்னிடம்தான் கையை நீட்டுவார்கள். ஒரே குத்தில் எடுத்துவிடுவேன், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எங்கள் நிலையத்தில் ஒரு விதி இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு நாமே ரத்தம் எடுக்கக் கூடாது. வேறு ஒருவர் எடுக்க வேண்டும், அவரே பெயர்ச் சீட்டையும் ஒட்ட வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் கனகராஜ் நல்ல பிள்ளை. என் கணவர் நாற்காலியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்களே எடுத்துருங்கக்கா. அவரு கைய உங்களைத் தவிர யாராலயும் சமாளிக்க முடியாது லா," என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர் என்றால் கை நடுங்கும், அதற்காக வைத்த விதி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வேறு காரணமும் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சத்தியமாக எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

அவருடைய ஈரல் சுருங்கிவிட்டது என்று நீங்கள் சொன்ன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் அறையில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவர், நான், நடுவில் பிரேமலா. சிங்கப்பூரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டி வந்திருந்தாள். நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். ரத்தத்தில் சில அளவுகளைப் பார்ப்போம்: பித்தத்தின் மஞ்சள் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது, உப்பு எவ்வளவு. இவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாக ஆக்குவோம். அந்த எண் ஏற ஏற ஆபத்து. இப்போது அவருக்குப் பதின்மூன்று. பதினைந்தைத் தாண்டினால் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும், அங்கே ஈரல் மாற்றுவதைப் பற்றிப் பேசுவார்கள்.

நீங்கள் வாயை மூடுவதற்குள் பிரேமலா சொன்னாள்: "நான் கொடுக்கிறேன் டாக்டர். எனக்கு ஓ குரூப். யாருக்கும் கொடுக்கலாம் தானே?"

அவர் அழுதுவிட்டார். நீங்கள்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். நான் பிரேமலாவின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, இடுப்பில் மடித்துவிட்டிருந்தாள். அதற்குள்ளே இருக்கும் வயிற்றை நினைத்தேன். கத்தி எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை.

ஆபத்து உண்டா என்று நான் கேட்டேன். கொடுப்பவருக்கு உயிராபத்து மிக மிக அரிது என்றீர்கள். உங்களுக்கு அரிது என்றால் நடக்காது என்று அர்த்தம். எங்களுக்கு அப்படி இல்லை, டாக்டர். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயின் குழாயில் நான் என் கையால் பெயர் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அந்த ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து, வலிக்குமா என்று கேட்டிருக்கிறார். அரிது என்பது யாரோ ஒருவருடைய பிள்ளை. அன்று இரவு பிரேமலா சிறு பிள்ளையில் தூங்கியது மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

அவளிடம் பேசிப் பார்த்தேன். "தனக்கு மிஞ்சித்தான் தானம்னு சொல்லுவாங்க பிரேமா. நீ இன்னும் வாழவே ஆரம்பிக்கலை," என்றேன். "எனக்கு மிஞ்சிதாம்மா இருக்கு. ஈரல் திரும்ப வளர்ந்துரும், படிச்சு பாத்தேன்," என்று சிரித்தாள். என் நாத்தனார் செல்வராணி லாபிஸிலிருந்து வந்து என் சமையலறையில் நின்றுகொண்டு, "பெத்த அப்பனுக்கு ஒரு துண்டு ஈரல் கொடுக்கிறதுக்கு என்ன யோசனை? நீ எதுக்கு மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிற?" என்றார். பாசாரில் நிறுத்து வாங்குகிற பொருளைப் பேசுகிற மாதிரி பேசினார். நான் அவருக்கு மீன் வறுத்துக் கொடுத்தேன்.

அவர் குடித்த காலத்தைப் பற்றிப் பேச நான் இங்கே உட்காரவில்லை. எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. பிரேமலா பரீட்சை எழுதப் போகிற காலையில் போதையில் லாரியைக் கால்வாய்க்குள் இறக்கினாரே, பிள்ளை சேற்றில் இறங்கி அவரைத் தூக்கிவிட்டு அதே உடுப்போடு பரீட்சைக்குப் போனாளே, அதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன். உங்களிடம் வந்த பிறகு அவர் சொட்டுக்கூடத் தொடவில்லை, அதையும் நான் சொல்லியாக வேண்டும். நல்ல மனுஷன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீரை அவர் குடிக்கட்டும், பிள்ளை ஏன் குடிக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அவ்வளவுதான்.

முதல் முறை நான் எதையும் மாற்றவில்லை. வெயிலில் வைத்தேன், நான் செய்தது அவ்வளவுதான்.

மஞ்சள் காமாலை கண்ட குழந்தையைக் காலை வெயிலில் காட்டச் சொல்வோமே, அதே கதைதான் குழாய்க்குள்ளும். வெளிச்சம் பட்டால் ரத்தத்தில் உள்ள பித்த மஞ்சள் கரையும். அதனால்தான் அந்தக் குழாயை அலுமினியத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் சுற்றவில்லை. ஜன்னல் விளிம்பில், ரயில் நிலையத்தைப் பார்த்த பக்கம், நிறுத்திவைத்தேன். மறதியாக விட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஜோகூர் பாருவுக்குப் போகும் வேன் வரும் வரைக்கும் அது அங்கேயே நின்றது. முடிவு வந்தபோது பதினொன்று. நீங்கள் தொலைபேசியில், "பரவாயில்லைக்கா, இறங்கியிருக்கு," என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் வெயில் ஒரு அளவைத்தான் குறைக்கும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் நேரமும் வெயிலுக்கு மசியாது. அவருக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. சாயங்காலத்தில் வார்த்தையை மறந்துவிட்டுத் தேடுவார். அடுத்த முறை ரத்தம் போனால் பதினைந்தைத் தாண்டும் என்று எனக்குத் தெரியும், அதைக் கண்டுபிடிக்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. அதனால் அவரிடமிருந்து வழக்கம்போல எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு என் கையில் நானே குத்தி எடுத்தேன். மஞ்சள் மூடி ஒன்று, நீல மூடி ஒன்று, ஊதா மூடி ஒன்று. அவர் பெயரை என் ரத்தத்தின்மேல் ஒட்டினேன். அவருடைய ரத்தத்தைக் கழிவுப் பெட்டியில் போட்டேன்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை, டாக்டர். அது சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. யாருடைய உண்மை என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள்மேல் தவறு ஒன்றும் இல்லை. நீங்கள் நேரில் பார்த்தபோது அவர் இமையைத் தாழ்த்திப் பார்த்து, "கண்ணு மஞ்சளா தெரியுதே அண்ணே. ஆனா ரிப்போர்ட் சொல்லுறது வேற," என்று யோசித்தீர்கள். ஒருமுறை திரும்ப எடுக்கச் சொன்னீர்கள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஊருல யோகேஸ் எடுத்து அனுப்பிருவா டாக்டர்," என்றார். நீங்களும் மனசு இளகி விட்டுவிட்டீர்கள். கண்ணைவிட எண்ணை நம்ப உங்களுக்குப் படித்துக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் எல்லோருக்கும் அவருடைய பயத்தின்மேல் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டது.

எட்டு என்று வந்தது, பிறகு ஒன்பது. வீடு அமைதியாக இருந்தது. பிரேமலா ஆஸ்பத்திரிப் பேச்சை விட்டுவிட்டு, வேலை இடத்தில் ரூபேந்திரன் என்று ஒருவன் இருப்பதைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். இதற்காகத்தான் செய்தேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த வீடியோ அழைப்பு வந்தது. போனை இந்த பிஸ்கட் டின்மேல்தான் சாய்த்து வைத்திருந்தோம். அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசித்தீர்கள். "அண்ணே, ரத்தம் உறையிறது இந்தத் தடவை நல்லா தள்ளிப்போயிருக்கு. பிளேட்லெட்டும் பாதியா குறைஞ்சிருச்சு. அல்புமின் இறங்கிட்டே வருது. சர்க்கரை வேற ஏறியிருக்கு, இனிப்பு சாப்பிடுறீங்களா? எண்ணு பதினாலுல நிக்குது. ஈரல் இன்னும் மோசமாகுது போலத் தெரியுது."

அவர் சிரித்துக்கொண்டு, "கோப்பியிலதான் சீனி டாக்டர். அதுகூடக் கூடாதுன்னா எதுக்கு உயிரோட இருக்கிறது?" என்றார்.

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் அவரைப் பார்த்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவரைக் கடந்து என்னிடம் வந்தது. நான் ஒரு நாளும் குடித்தவள் இல்லை. என் ஈரலுக்கு என்ன கேடு? சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து குடிக்காதவர்களின் ஈரலையும் சத்தமில்லாமல் தின்றுவிடும் என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தட்டு கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "பயப்படாத யோகேஸ். எனக்கு ஒண்ணும் ஆகாது," என்றார்.

மறுநாள் வேறு யாரோ ஒருவர் பெயரை ஒட்டி என் ரத்தத்தை மறுபடியும் அனுப்பிப் பார்த்தேன். அதே அளவுகள் வந்தன. குளியலறைக் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. பிறகு எப்போது கண்ணாடியைக் கடந்தாலும் இமையை இழுத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. சாவு என்று யாராவது பேசினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். பயத்தில் இரண்டு வகை இருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன். பிள்ளைக்காகப் பயப்படும்போது வேகமாக வேலை ஓடும். தனக்காகப் பயப்படும்போது கை கால் எல்லாம் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

உங்களிடம் வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவருடைய சரியான ரத்தம் எடுக்கப்பட்டிருக்கும். எண் இருபதைத் தாண்டியிருக்கும், பிரேமலாவைப் படுக்க வைத்திருப்பார்கள். என் ரத்தத்தையே தொடர்ந்து அனுப்பினாலும் அடுத்த மாதம் பதினைந்தைத் தாண்டியிருக்கும், அப்போதும் அவளைத்தான் படுக்க வைப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் வயிறுதான். எனக்கு வேண்டியது நோயில்லாத ஒருவருடைய ரத்தம்.

அது கஷ்டமான காரியமாக இல்லை. புதிதாகத் தொழிற்சாலையில் சேரும் பிள்ளைகள் மருத்துவச் சான்றுக்காக எங்களிடம் ரத்தம் கொடுக்க வருவார்கள். ரத்தம் கொடுப்பவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். குழாயை யாரும் எண்ணுவதில்லை. திடமான, சிரித்த முகமான ஒரு பெண்ணிடமிருந்து கூடுதலாக எடுத்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முடிவு வந்தபோது எண் ஏழு.

நீங்களே நம்பவில்லை. "என்னண்ணே செஞ்சீங்க? இது ஆரோக்கியமான ஆளோட ரிப்போர்ட் மாதிரி இருக்கு," என்றீர்கள். சோதனைக் கூடத்தில் ஏதாவது தவறா என்று என்னைக் கேட்டீர்கள். "நானே பார்த்து எடுத்தேன் டாக்டர்," என்றேன். அது பொய்யில்லை, நான்தான் பார்த்து எடுத்தேன். அடுத்த மாதமும் வேறொரு பிள்ளையின் ரத்தத்தை அனுப்பினேன். அப்போதும் ஏழுதான் வந்தது. குடியை அடியோடு விட்டால் சிலருக்கு இப்படித் தேறுவதுண்டு என்று அதன்பிறகு நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள்.

அவருக்கு எப்படிப்பட்ட சந்தோஷம் தெரியுமா? மெர்சிங்கில் பழைய லாரிக் கூட்டாளி செல்லப்பன் வீட்டுக்குப் போய், படகுத்துறையில் நின்று படம் எடுத்து அனுப்பினார். பெரிய வெளவால் மீன் வாங்கிவந்து, "பிரேமா வயித்துல கத்தி படாம முருகன் காப்பாத்திட்டான்," என்று எனக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. எனக்கு இருந்த அதே பயம். அவர் என்னிடம் சொல்லவே இல்லை, நானும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசித்து என்ன பயன்?

நேர்த்திக்கடன் வைத்துவிட்டார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக. அதற்கு விரதம் இருக்க வேண்டும்: ஒரு வேளைச் சாப்பாடு, காய்கறி மட்டும், தரையில் படுக்கை. ஈரல் கெட்டவன் பட்டினி கிடக்கக் கூடாது, படுக்கப் போகும் முன்கூட ஏதாவது சாப்பிட வேண்டும் என்று நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தீர்கள். அவர் உங்களைக் கேட்டார். நீங்கள் எண்ணைப் பார்த்தீர்கள். "ஏழுதானே இருக்கு. சரிண்ணே, ரொம்ப வருத்திக்காதீங்க," என்றீர்கள். பிறகு என்னைக் கேட்டார். "யோகேஸ், நீ என்ன சொல்லுற?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். "சாமி காரியம், நான் என்னங்க சொல்ல?" என்றேன்.

விரதத்தில் அவர் உடம்பு வெயிலில் போட்ட இலை மாதிரி சுருண்டது. முகம் ஒட்டிப்போனது, வயிறு மட்டும் உப்பி நின்றது. சாமி வந்த களை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் தினமும் அந்த ஒரு வேளைச் சோற்றை நன்றாகச் சமைத்துப் போட்டேன். தைப்பூசத்தன்று காலையில் அவருக்கு மஞ்சள் வேட்டியை நான்தான் கட்டிவிட்டேன். வெறுங்காலோடு, சூடேறிய தார் ரோட்டில், பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கோயில் வரைக்கும் நடந்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிரேமலா பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியோடு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். அவர் எங்கே விழுவார் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

விழவில்லை. வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிப்போர்ட் நல்லாதானே இருந்துச்சு யோகேஸ்?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பொழுது சாயும் முன்பே முடிந்துவிட்டது. ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, திடீரென்று நடக்கும், யார் கையிலும் இல்லை என்று சொன்னார்கள். பிரேமலா, "நான் அப்பவே கொடுத்திருக்கணும்மா," என்று தரையில் உட்கார்ந்து கதறினாள். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு அவள் வயிற்றைத் தடவிக்கொடுத்தேன். ஒரு தழும்பும் இல்லாத வயிறு. அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். சுகுமாறனை நான்தான் கொன்றேன். நோய் அவருடையது, விரதம் அவருடையது, மற்றதெல்லாம் என்னுடையது. போலீசில் கேட்டாலும் இதையே சொல்வேன். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என் கால் வீங்கத் தொடங்கியது. பிரேமலாதான் பார்த்தாள், அவள்தான் பிடிவாதமாக உங்களிடம் கூட்டிவந்தாள். முதல் முறையாக என் பெயரில் என் ரத்தம் வந்தது. பதினெட்டு. நீங்கள் அன்றைக்கே என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். அந்தச் சர்க்கரை அளவையும் பிளேட்லெட்டையும் எங்கேயோ பார்த்த ஞாபகம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும்.

பிரேமலாவை நான் கேட்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவளாகத்தான் சொன்னாள், அதே அறையில், அதே வார்த்தையில். வேண்டாம் என்றேன். "அப்பாவைத்தான் விட்டுட்டேன். உங்களையும் விட முடியாதும்மா," என்று அழுதாள். பிள்ளை மனசை எத்தனை தடவை உடைப்பது? சரி என்றேன்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்காதீர்கள். இரண்டும் ஒன்றில்லை, டாக்டர். அவருக்குக் கொடுத்திருந்தால் அதையும் ஒரு நாள் குடித்துக் கெடுத்திருப்பார். நான் குடிப்பவள் இல்லை, சீனிகூடப் போடுவதில்லை. போன வருஷத்தைவிட இப்போது அவளுக்கு உடம்பு தேறியிருக்கிறது. கோலாலம்பூர் டாக்டர்களிடம் பேசினேன், எல்லோரும் கைராசிக்காரர்கள். கொடுப்பவருக்கு ஆபத்து மிக மிக அரிது என்று அவர்களும் சொன்னார்கள். அரிது என்றால் அரிதுதான். அதுவும் இல்லாமல், அப்பாவும் போய் அம்மாவும் போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவளுக்காகத்தான் நான் இருந்தாக வேண்டும். ராத்திரியில் இருட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன், டாக்டர். மண்ணுக்குள் வைத்துவிட்டார்களோ என்று திடுக்கிட்டு எழுகிறேன். என்னால் சாக முடியாது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது. பப்பாளி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. பாருங்கள், பை கனக்கிறது, இருந்தாலும் ஓடிவருகிறாள்.

அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. அவளுடைய அப்பா, அவளுக்குத் தெரிய வேண்டிய விஷயம். வியாழக்கிழமை ஆபரேஷன் முடியட்டும், அவள் கண் விழித்து ஒரு வாய் கஞ்சி குடிக்கட்டும், அதற்குப் பிறகு நீங்களே உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லுங்கள். இப்போதே சொன்னால் பிள்ளை பயந்துவிடுவாள்.